கோவாவின் பாதிக் கோபுரமும் இரண்டாவது சன்னலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கோவா சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். கடற்கரைக்கும் மீன் குழம்புக்கும் தாராளமாக இடம் ஒதுக்கிய கட்டுரையாளர், பழைய கோவாவில் இருந்த புனித அகஸ்தினார் மடத்தை ஒரே வரியில் கடந்துவிட்டார். காலத்தின் கோலத்தால் இடிந்த கோபுரம், படம் எடுக்க ஏற்ற இடம், அவ்வளவுதான். அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் பணிக்காலம் முழுவதும் பொதுப்பணித் துறையில் பழைய கட்டடங்களோடு மல்லுக்கட்டியவன் நான். 'காலம் இடித்தது' என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. காலம் எந்தக் கட்டடத்தையும் தானாக வந்து இடித்ததாக நான் பார்த்ததில்லை.

அகஸ்தினார் சபைத் துறவிகள் கோவாவுக்கு வந்தது 1572-ல். புனிதக் குன்று என்று அழைக்கப்படும் மேட்டில் அவர்கள் எழுப்பிய கோயிலும் மடமும் 1602-ல் நிறைவடைந்தன. அருள் அன்னைக்கு நேர்ந்துகொண்ட கோயில் அது. முகப்பின் இரு பக்கமும் கோபுரங்கள். அவற்றில் ஒன்றின் பாதிதான் இன்று நாம் அண்ணாந்து பார்ப்பது. உயரம் 46 மீட்டர். எல்லாம் செம்புறாங்கல், அதாவது எங்கள் குமரி மாவட்டத்து வெட்டுக்கல்லில் கட்டியது. வெட்டுக்கல்லை வைத்து ஓட்டு வீடும் கிணற்றுச் சுவரும் கட்டிப் பழகிய எங்கள் ஊர்க் கொத்தனார்களிடம், இதே கல்லில் பதினைந்து மாடி உயரத்துக்கு ஏறியிருக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

வெட்டுக்கல்லின் குணம் அப்படி. வெட்டும்போது மென்மையாக இருக்கும். காற்றுப் பட்டால் இறுகும். ஆனால் உடம்பெல்லாம் துளை. மேலே சுண்ணாம்புப் பூச்சு இருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது. பூச்சு உரிந்துவிட்டால் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். கோவாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்த மழையில் வெட்டுக்கல் கட்டடத்தை நிறுத்தி வைக்க வேண்டுமானால், ஒவ்வொரு கோடையிலும் ஒருவர் கூரை மேல் ஏறி வெடிப்புகளை அடைத்து, வெள்ளையடித்து, காக்கை எச்சத்தில் முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் வேரோடு பிடுங்கி எறிய வேண்டும். சரித்திரத்தில் பெயர் வராத வேலை இது.

(இதே பழைய கோவாவில், புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் போம் ஜேசு பேராலயத்தின் பூச்சை 1950-களில் வேண்டுமென்றே உரித்தார்கள். செங்கல் நிறத்தில் தெரிந்தால் பழமை தெரியும் என்பது அன்றைய போர்த்துகீசியக் கட்டடக் கலைஞர் ஒருவரின் எண்ணம். இன்று சுற்றுலாப் பயணிகள் அந்தச் சிவப்பு நிறத்தைத்தான் அசல் என்று நம்பிப் படம் எடுக்கிறார்கள். கல்லோ ஒவ்வொரு மழையிலும் கரைந்துகொண்டிருக்கிறது. பூச்சைத் திரும்பப் பூசுவதா வேண்டாமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால் நாளைக்கே பூச வேண்டும்.)

அகஸ்தினார் மடத்துக்கு வருகிறேன். 1834-ல் போர்த்துகல் அரசு துறவியர் சபைகளைக் கலைத்து ஆணையிட்டது. அடுத்த ஆண்டு அந்த ஆணை கோவாவுக்கு வந்து சேர, துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். கொள்ளை நோய்களால் நகரமே அதற்கு முன்பே பாதி காலியாகிவிட்டது. ஆளில்லாத மடத்தில் மிச்சமிருந்த விலையுள்ள பொருள்களில் ஒன்று மணி. 1841-ல் அதை இறக்கி அகுவாடா கோட்டைக் கலங்கரை விளக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். 1871-ல் அங்கிருந்து பனாஜிக்கு. பனாஜி நடுவில் படிக்கட்டுகளோடு வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஓர் அமலோற்பவ மாதா கோயில், சினிமாக்காரர்களுக்கு மிகவும் பிடித்த இடம், அதன் உச்சியில் தொங்குவது இந்த மணிதான்.

மணியை இறக்கிய மறு ஆண்டு, 1842-ல், கோயிலின் வளைவுக் கூரை உள்ளே விழுந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆட்கள் போய் ஏழே ஆண்டுகள். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நின்ற கூரை, ஆள் இல்லாத ஏழு மழைக்குத் தாங்கவில்லை. மணியை இறக்க அத்தனை உயரம் ஏறியவர்களில் ஒருவராவது கீழே கூரையைக் குனிந்து பார்த்திருப்பாரா, பார்த்துவிட்டு 'நமக்கென்ன' என்று இறங்கியிருப்பாரா என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. கூரை போனபின் சுவர்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. 1931-ல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் சரிந்தன. 1938-ல் இன்னும் கொஞ்சம்.

பாதி சரிந்ததில் ஒரு விசித்திரம் நேர்ந்திருக்கிறது. எஞ்சிய பாதியைப் பார்த்தால் நாங்கள் அலுவலகத்தில் வரையும் குறுக்குவெட்டுப் படம் அப்படியே எழுந்து நிற்பதுபோல் இருக்கும். சுவரின் கனம் தெரிகிறது. ஒவ்வொரு தளத்திலும் வளைவு எங்கே தொடங்குகிறது, கல்லை எப்படி அடுக்கியிருக்கிறார்கள், தளத்துக்குத் தளம் கனம் எங்கே குறைகிறது என்று எல்லாம் வெளியே தெரிகிறது. என் மருமகன் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நிழல் தேடிப் போய்விட்டார். நான் வெயிலில் நின்று கல் வரிசைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். காவலாளி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எதிரிலேயே, கூப்பிடு தூரத்தில், புனித மோனிக்கா கன்னியர் மடம் நிற்கிறது. 1606-ல் தொடங்கி 1627-ல் முடித்தது. 1636-ல் தீப்பிடித்து, திரும்பக் கட்டினார்கள். இதுவும் அகஸ்தினார் சபையைச் சேர்ந்ததுதான். அதே வெட்டுக்கல், அதே குன்று, அதே மழை. பிறகு இது மட்டும் எப்படி நிற்கிறது? ஆணையின் ஒரு சின்ன வேறுபாடுதான் காரணம். ஆண் துறவிகளை வெளியேற்றியவர்கள் கன்னியரை வெளியேற்றவில்லை. புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, இருப்பவர்கள் சாகும்வரை இருந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். கடைசிக் கன்னியர் இறந்தது 1885-ல். ஆகவே 1835-க்குப் பிறகும் ஐம்பது ஆண்டுகள் அந்த வீட்டில் ஒழுகினால் பாத்திரம் வைக்கவும், கொத்தனாரைக் கூப்பிட்டனுப்பவும் ஆள் இருந்தது. பிறகு படைவீரர்கள் தங்கினார்கள். 1964 முதல் அருட்சகோதரிகளுக்கான இறையியல் கல்விக்கூடம் நடக்கிறது. அதன் கோயில் பகுதியில் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. பெரிய சுவர்களுக்கு வெளியே முட்டுச்சுவர்கள் கொடுத்திருப்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் முட்டுச்சுவரை விட முதிய கன்னியர்கள்தான் அந்தக் கூரையை அதிக நாள் தாங்கினார்கள் என்பது என் முடிவு.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. மரமும் ஓடும்தான். அதன் கருந்தரையில் இன்றும் முகம் பார்க்கலாம் என்றால் தினமும் யாரோ துடைக்கிறார்கள் என்று பொருள்.

சரி, வெளிக்கட்டு போனது போகட்டும். எனக்கு அதைவிட வருத்தம் உள்கட்டைப் பற்றியது. வெளிப்புறத்தை யாராவது படமாக வரைந்து வைப்பார்கள், கடலிலிருந்து வருகிற மாலுமிகூட கோபுரத்தை வைத்துத்தான் இடம் கண்டுபிடிப்பான். உள்ளே இருந்தவை அப்படியல்ல. அகஸ்தினார் கோயிலுக்குள் எட்டுச் சிறுகோயில்களும் நான்கு பீடங்களும் இருந்தன. அதையொட்டி வரிசை வரிசையாகத் துறவிகளின் சிற்றறைகள். இவை இந்தியத் தொல்லியல் துறை மேட்டைத் தோண்டிய பிறகு தரைமட்டத்தில் கோடு கோடாகத் தெரிகின்றன. சுவர்களில் ஒரு காலத்தில் பூவேலை செய்த பளபளப்பு ஓடுகள் பதித்திருந்தார்கள். நீலமும் மஞ்சளும் வெள்ளையுமாக அவற்றில் சில இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அருகில் போய்ப் பார்த்தேன். ஓட்டின் முகத்தில் நிறம் வாடவில்லை. ஆனால் நான்கு ஓடுகள் சேர்ந்து ஒரு பூவாக வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. நான்காவது இருந்த இடத்தில் அதன் பின்பக்கத்து வரிகள் சுண்ணாம்பில் அச்சாகப் பதிந்திருந்தன. அந்த ஓட்டைப் பதித்தவன் கட்டைவிரலால் அழுத்திய பிதுங்கல்கூட ஓரத்தில் அப்படியே இருந்தது. தரையில் கல்லறைக் கற்கள், குலச் சின்னங்களோடும் எழுத்துகளோடும். கூரை இல்லாததால் மழை நேராக அவற்றின் மேல் விழுகிறது.

மடம் மூடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1827-ல், கொத்தினோ தெ க்ளோகன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கோவாவுக்கு வந்து ஊரின் கோயில்களையும் மடங்களையும் சுற்றிப் பார்த்து எழுதினார். அந்த நூல் 1831-ல் நம் சென்னையில்தான் அச்சானது. (அதற்கும் இரண்டரை நூற்றாண்டு முன்னால், 1578-ல் கொல்லத்தில் அச்சான, தமிழ் எழுத்தில் வந்த முதல் நூலுக்கு எழுத்து வார்த்ததில் கோவாவுக்கும் பங்கு உண்டு. அங்கே 1577-ல் வார்த்த எழுத்து வரிசையும் அந்த நூலில் இடம்பெற்றிருக்கிறது. பழைய கோவாவில் நம் ஆட்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காகச் சொன்னேன்.)

இப்போது நான் சொல்ல வந்த சன்னலுக்கு வருகிறேன்.

ஜார்ஜிய நாட்டின் ககேத்தி பகுதியை ஆண்ட அரசி கெத்தெவான், பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் சிறையில் மதம் மாற மறுத்ததற்காக 1624-ல் ஷிராஸ் நகரில் கொல்லப்பட்டார். அங்கிருந்த அகஸ்தினார் துறவிகள் அவரது எலும்புகளில் சிலவற்றை எடுத்து வைத்து, 1627-ல் கோவா மடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஜார்ஜியர்களுக்கு அவர் புனிதர். 1980-களின் இறுதியிலிருந்து அவர்கள் நம் தொல்லியல் துறையோடு சேர்ந்து இந்த இடிபாட்டில் தேடினார்கள். இடிந்த கல் மலைபோல் கிடக்கும் இடத்தில் ஒரு எலும்பை எங்கே போய்த் தேடுவது? தேடியவர்களுக்குத் துணையாக இருந்தது ஒரு பழைய போர்த்துகீசியக் குறிப்பு. மடத்தார் கூடி ஆலோசிக்கும் கூடத்தில், நிருபம் (திருத்தூதர்களின் கடிதம்) வாசிக்கும் பக்கம், இரண்டாவது சன்னலில், கருங்கல் பேழைக்குள் எலும்புகள் வைக்கப்பட்டன என்று யாரோ ஒரு துறவி எழுதி வைத்திருந்தார். பீடத்தைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம்தான் நிருபம் வாசிக்கும் பக்கம். எங்கள் பாட்டி காலத்துக் கோயில்காரர்களுக்கு இது தெரியும்.

எல்லா முயற்சிகளுக்கும் பிறகு, கூடம் எது என்று தரைப்பட அமைப்பை வைத்துச் சரியாக அடையாளம் கண்ட பின்னர், 2004-ல் அந்தச் சன்னலை ஒட்டிய இடத்தில் கை எலும்பு ஒன்றும் பேழையின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. எலும்பு ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்குப் போனது. ஆய்வுக் குழுவில் குமாரசாமி தங்கராஜ் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. தாய்வழி மரபணுவை ஆராய்ந்ததில் அது யு1பி என்ற வகையைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. 22,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் மரபணுத் தொகுப்பில் அந்த வகை இல்லை. ஜார்ஜியர் 30 பேரைச் சோதித்தபோது இருவரிடம் இருந்தது. 2021 ஜூலையில் நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அந்த எலும்பின் ஒரு பகுதியை ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் நேரில் ஒப்படைத்தார். விமான நிலையத்தில் பிரதமரும் தலைமை ஆயரும் காத்திருந்து பெற்றுக்கொண்டார்கள்.

மரபணு ஆய்வு பெரியதுதான். ஆனால் அதற்கு முன், எந்தக் கூடம், எந்தப் பக்கம், எத்தனையாவது சன்னல் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறாரே, அவரை என்ன சொல்வது? 'மடத்தில் பத்திரமாக வைக்கப்பட்டுள்ளது' என்று பொதுவாக எழுதிவிட்டுப் போயிருந்தால் அந்த எலும்பு இன்றும் கல்லுக்கடியில்தான் கிடந்திருக்கும்.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு எங்கள் பக்கத்துக் கன்னியர் மடம் ஒன்று மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. பெயர் வேண்டாம், இடித்தவர்களில் பலர் எனக்கு வேண்டியவர்கள், நல்லெண்ணத்தோடுதான் இடித்தார்கள். நூறு வயதைத் தாண்டிய வெட்டுக்கல் கட்டடம். என் அக்கா அங்கே விடுதியில் தங்கிப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு முறுக்கும் தேங்காய் எண்ணெயும் எடுத்துக்கொண்டு நானும் போவேன். எங்களை உட்காரவைக்கும் அறையின் மச்சு முழுக்க ஆஞ்சிலிப் பலகை. தரை காவிச் சிவப்பு. சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் கறுப்புப் பட்டை. சன்னல் திண்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்காரலாம், சுவர் அவ்வளவு கனம். மாடிக்குப் போகும் மரப்படிகள் நடுவில் தேயாமல் சுவரோரமாகக் குழிந்திருக்கும். பிள்ளைகள் ஒற்றை வரிசையில் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும் என்பது அங்கே சட்டம். சிற்றாலயத்தின் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக, சித்திரை வெயிலிலும் கன்னத்தை வைத்தால் குளிரும். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்த வேலை. இன்று அப்படிப் பூசத் தெரிந்த கொத்தனாரை எங்கள் மாவட்டத்தில் காட்டுபவர்களுக்கு நான் விருந்து வைக்கத் தயார். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் பின்னால், சிஸ்டர்கள் கண்ணுக்குப் படாத உயரத்தில், பென்சிலால் எழுதிய பெயர்கள் நிறைய. அக்காவின் பெயரும் இருந்தது.

புதிய கட்டடத்துக்காக அதை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அளவு நாடாவோடு போனேன். அதற்குள் மாடிப் பலகைகளை ஏலத்தில் எடுத்தவர் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பழம்பொருள் வியாபாரத்துக்கு என்று கேள்வி. கீழ்த்தளத்தை மட்டும் அளக்க முடிந்தது. புகைப்படம் கிடைக்குமா என்று அந்த மடத்தில் படித்தவர்களைத் தேடித் தேடிக் கேட்டேன். ஏராளமாகக் கொடுத்தார்கள். வெள்ளி விழா, ஆண்டு விழா, பிரிவு உபசாரம், ஆயர் வருகை. எல்லாவற்றிலும் மூன்று வரிசையில் ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு முழம் சுவர். மச்சு ஒரு படத்திலும் இல்லை. படிக்கட்டு ஒன்றில் இருக்கிறது, அதிலும் பட்டுச்சேலைகள் மறைத்துக்கொண்டிருக்கின்றன.

இடிக்கவே கூடாது என்று நான் கொடி பிடிக்கவில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே விடுதிப் பிள்ளைகளைப் படுக்க வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அப்படிப்பட்ட கட்டடங்களுக்கு 'தகுதியற்றது' என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இடிப்பதற்கு முன் ஒரு வாரம் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பக்கத்துப் பாலிடெக்னிக் மாணவர்கள் நான்கு பேரை நாடாவோடு அனுப்பினால் தரைப்படமும் குறுக்குவெட்டுப் படமும் வரைந்துவிடுவார்கள். அவர்களுக்குச் செய்முறைப் பயிற்சியும் ஆயிற்று. ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும், மச்சையும் தரையையும் தனித்தனியாகவும் படம் எடுங்கள். எந்த அறையில் என்ன நடந்தது என்று அங்கே இருந்த மூத்த சிஸ்டர் ஒருவரைக் கேட்டு எழுதி வையுங்கள். செலவு ஒன்றும் பெரிதில்லை. திறப்பு விழாவுக்கு அடிக்கும் பிளெக்ஸ் பேனர்களின் செலவில் பாதி போதும்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒருமுறை, இப்போது இல்லாத ஒரு கட்டடத்தின் உட்புறப் படம் ஒன்றுக்கு இடம் ஒதுக்கக் கூடாதா? மடம், பள்ளிக்கூடம், சத்திரம், அக்ரகாரத்து வீடு, பள்ளிவாசல், எதுவாக இருந்தாலும் சரி. முதல் வாரத்துக்கு என்னிடம் உள்ள கீழ்த்தள வரைபடத்தையும் அந்தப் பட்டுச்சேலைப் படிக்கட்டுப் படத்தையும் அனுப்பத் தயாராக இருக்கிறேன். படம் அனுப்பும் வாசகர்கள் பின்பக்கத்தில் அறையின் பெயர், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, ஏறக்குறைய எந்த ஆண்டு என்று மறக்காமல் எழுதட்டும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதச் சொல்லுங்கள். பேனா மை சில ஆண்டுகளில் படத்தின் முகத்துக்கு ஊறி வந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளர்,
தக்கலை.